செம்மிளகாயில் கிடைத்த விற்றமின்: அல்பேட் சென்ட்ஜோர்ஜியின் வாழ்க்கை

மாணவர்களே, விற்றமின் சீ அடங்கிய உணவுகளைக் குறிப்பிடுமாறு பரீட்சையில் கேட்டால் தோடம்பழம், தேசிக்காய், நெல்லிக்காய் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறீர்கள். எழுதியது பிழையன்று. ஆனால் அந்த விற்றமின் தூய பளிங்காகக் கிலோகிராம் கணக்கில் முதன்முதலாகக் கிடைத்தது தோடம்பழத்திலிருந்தன்று. பழுத்துச் சிவந்த மிளகாயிலிருந்து. அதனைப் பிரித்தெடுத்தவர் ஹங்கேரி நாட்டு உயிரிரசாயனவியலாளர் அல்பேட் சென்ட்ஜோர்ஜி. இவரது வாழ்க்கையைப் படிக்கும்போது, ஒரு மரக்கறியின் போசணைப் பெறுமானம் அதன் பெயரை மட்டும் பொறுத்ததன்று, அது எப்போது பறிக்கப்பட்டது, எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பவற்றையும் பொறுத்தது என்ற பாடப்பகுதியும் உங்களுக்குத் தெளிவாகும்.

சென்ட்ஜோர்ஜி 1893 செப்டெம்பர் 16ஆம் திகதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தாயின் குடும்பத்தில் விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். மாமனார் மிகாய் லென்ஹோசெக் பெயர்பெற்ற உடலமைப்பியற் பேராசிரியர். சிறுவயதில் அல்பேட் படிப்பில் திறமை காட்டவில்லை. பதினாறு வயதளவிலேயே அவருக்கு வாசிப்பில் வேட்கை பிறந்தது. மாமனாருக்கு அப்போதும் நம்பிக்கை இருக்கவில்லை. எனினும் 1911இல் அவர் மருத்துவக் கல்வியை ஆரம்பித்தார்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. மருத்துவ மாணவராக இருந்த அவர் இராணுவத்திற் சேர்க்கப்பட்டார். போரின் பொருளற்ற அழிவைக் கண்டு வெறுப்புற்ற அவர், 1916இல் தமது கையெலும்பைத் தாமே சுட்டுக் காயப்படுத்திக்கொண்டு, எதிரியின் சூடு என்று கூறி வீடு திரும்பினார். இச்செயலை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. 1917இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கோர்னேலியா டெமேனி என்பவரை மணந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள். மிளகாய் இவரது கையாலேயே கதைக்குள் வரப்போகிறது.

போரில் தோற்ற ஹங்கேரி சிதறியது. இளம் தம்பதியர் பிராக், பெர்லின், ஹம்பேர்க், லெய்டன் என்று ஊர் ஊராகச் சென்றனர். 1922இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஓரளவு நிலையான பணி கிடைத்தது.

வெட்டினால் ஏன் கறுக்கிறது?

வாழைக்காயையோ கத்தரிக்காயையோ வெட்டி வைத்தால் சிறிது நேரத்திற் கறுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தேசிக்காயை வெட்டி வைத்தால் அவ்வாறு கறுப்பதில்லை. குரோனிங்கனில் சென்ட்ஜோர்ஜி எடுத்துக்கொண்ட வினா இதுதான். இதைவிட எளிய வினாவைக் கேட்க முடியாது. அதற்குள்ளேயே ஒரு நோபல் பரிசு இருந்தது.

காயம்பட்ட தாவர இழையத்தில் ஒட்சியேற்றம் நிகழ்வதால் கபில நிறம் தோன்றுகிறது. பேரொட்சிடேசு என்னும் தாவர நொதியத்தை ஐதரசன் பேரொட்சைட்டுடனும் பென்சிடீன் என்னும் பதார்த்தத்துடனும் சேர்த்தால் உடனே நீல நிறம் தோன்றும். தூய நொதியத்துக்குப் பதிலாகத் தேசியினப் பழச்சாற்றைச் சேர்த்தபோது, அந்த நீலம் ஏறத்தாழ ஒரு செக்கன் பிந்தித் தோன்றுவதை அவர் அவதானித்தார். ஒரு செக்கன் தாமதத்தைப் பலர் கைத்தவறென்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. சாற்றில் வலிமையான தாழ்த்தும் பதார்த்தம் ஒன்று இருக்கவேண்டும், ஒட்சியேறிய நிறப்பொருளை அது மீண்டும் நிறமற்றதாக்குகிறது, அது முடியும்வரை நீலம் தோன்றாது என்று விளங்கிக்கொண்டார். விலங்குகளின் அதிரினல் சுரப்பியிலும் அதே இயல்புடைய பதார்த்தத்தைக் கண்டார்.

ஆதரவளித்த பேராசிரியர் இறந்தார். புதிதாக வந்தவருக்கு இந்த ஆய்வில் விருப்பமில்லை. வேலை போயிற்று, மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு மனமுடைந்த நிலையில் ஸ்ரொக்ஹோமில் நடந்த உடற்றொழிலியல் மாநாட்டுக்குச் சென்றார். அங்கே தலைமையுரை நிகழ்த்திய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடரிக் கௌலண்ட் ஹொப்கின்ஸ், கேட்போர் நடுவே யாருமறியாமல் அமர்ந்திருந்த சென்ட்ஜோர்ஜியின் ஆய்வுக் கட்டுரையைப் பாராட்டிப் பேசினார். உரை முடிந்ததும் அவரை அணுகிய சென்ட்ஜோர்ஜிக்குக் கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்தது. 1927இல் அங்கே கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அதிரினல் சுரப்பி, தோடம்பழம், கோவா ஆகியவற்றிலிருந்து அப்பதார்த்தத்தைச் சிறிதளவில் பளிங்காக்கினார். அதன் மூலக்கூற்றில் காபன் அணுக்கள் 6, ஐதரசன் அணுக்கள் 8, ஒட்சிசன் அணுக்கள் 6 இருந்தன. வெல்லத்தை ஒத்தது என்பதற்கு மேல் எதுவும் தெரியாதிருந்தது. ஆகவே அறியாத வெல்லம் எனப் பொருள்படும் வேடிக்கையான பெயரொன்றை வைத்துக் கட்டுரையை அனுப்பினார். சஞ்சிகையின் ஆசிரியருக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. ஈற்றில் ஹெக்சூரோனிக் அமிலம் என்ற பெயருடன் 1928இல் கட்டுரை வெளிவந்தது.

கட்டமைப்பைக் கண்டறிய அதிக அளவு பதார்த்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் தங்கி, அயலிலுள்ள பெரும் இறைச்சிக் கூடங்களிலிருந்து மாட்டு அதிரினல் சுரப்பிகளைத் தருவித்து மாதக்கணக்கில் உழைத்தார். கிடைத்தது ஏறத்தாழ 25 கிராம். அதில் ஒரு பகுதியை பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வோல்ற்றர் ஹேவோர்த்துக்கு அனுப்பினார். அது போதவில்லை. தோடம்பழச் சாற்றிலும் கோவாவிலும் பதார்த்தம் இருந்தாலும், அவற்றிலுள்ள வெல்லங்கள் பளிங்காக்கத்தைத் தடுத்தன. வேலை நின்றுபோனது.

செகெட் நகரில்

ஹங்கேரியின் கல்வி அமைச்சர் குனோ கிளெபெல்ஸ்பேர்க்கின் அழைப்பை ஏற்று, செகெட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இரசாயனவியற் பேராசிரியராகச் சென்ட்ஜோர்ஜி பொறுப்பேற்றார். 1931இல் அமெரிக்காவிலிருந்து ஜோசப் ஸ்வேர்பெலி என்ற இளம் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் விற்றமின் சீயைத் தேடிக்கொண்டிருந்த சாள்ஸ் கிளென் கிங்கிடம் பயின்றவர் அவர். விற்றமின் என்பது சமையற்காரரின் விடயம் என்றளவிலேயே சென்ட்ஜோர்ஜி அதுவரை நினைத்திருந்தார். இப்போது தம்மிடம் எஞ்சியிருந்த சிறிதளவு ஹெக்சூரோனிக் அமிலத்தை ஸ்வேர்பெலியிடம் கொடுத்துச் சோதிக்கச் செய்தார்.

இந்தப் பரிசோதனையை நன்றாகக் கவனியுங்கள். கட்டுப்பாட்டுப் பரிசோதனைக்கு இது சிறந்த உதாரணம். எலிகள் தமது உடலிலேயே விற்றமின் சீயைத் தயாரித்துக்கொள்ளும். மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் அதற்கான இறுதி நொதியம் இல்லை. ஆகவே கினிப்பன்றிகள் தெரிவு செய்யப்பட்டன. கொதிக்கவைத்து விற்றமின் அழிக்கப்பட்ட உணவு எல்லாவற்றுக்கும் கொடுக்கப்பட்டது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அமிலம் சேர்க்கப்பட்டது. அமிலம் பெறாதவை ஸ்கேவி நோய் கண்டு இறந்தன. பெற்றவை நலமாக வளர்ந்தன. ஹெக்சூரோனிக் அமிலமே விற்றமின் சீ. 1747இல் ஜேம்ஸ் லின்ட் என்ற கப்பல் மருத்துவர் தேசியினப் பழங்களால் மாலுமிகளின் ஸ்கேவியைக் குணப்படுத்தினாரே, அந்தக் காரணி இதுதான்.

1932 ஏப்பிரல் 1இல் கிங்கின் கட்டுரையும், ஏப்பிரல் 16இல் சென்ட்ஜோர்ஜி, ஸ்வேர்பெலி ஆகியோரின் கட்டுரையும் வெளிவந்தன. யார் முதலில் என்ற சர்ச்சை நெடுங்காலம் ஓயவில்லை. இரண்டு வாரத்தைக் கொண்டு இதனைத் தீர்ப்பது முறையன்று என்பதே எமது கருத்து. ஒரே வினாவை இருவரும் வெவ்வேறு வழியால் அணுகியிருந்தனர்.

ஆனால் கையிருப்பு முடிந்துவிட்டது. விற்றமின் எதுவென்று தெரிந்தும், அதன் கட்டமைப்பை அறியப் பதார்த்தம் இல்லை.

ஓரிரவு உணவு

செகெட் நகரம் டிஸா ஆற்றங்கரையில் உள்ளது. ஹங்கேரியில் வெயில் மிகுந்த இடங்களுள் ஒன்று. கலோச்சா என்ற ஊருடன் சேர்த்து, பப்ரிக்கா எனப்படும் மிளகாய்க்கு இது பேர்போனது. இலையுதிர் காலத்தில் சிவந்த பப்ரிக்காவை மாலையாகக் கோத்து வீட்டுக் கூரை விளிம்புகளில் தொங்கவிடுவது அப்பகுதி வழக்கம். பப்ரிக்கா நமக்கு அந்நியமானதன்று. நமது மிளகாய், கறிமிளகாய், குடைமிளகாய், பப்ரிக்கா யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய கப்சிக்கம் அன்னும் என்ற ஒரே இனத்தின் வர்க்கங்கள். இலங்கையில் பயிரிடப்படும் கறிமிளகாய் வர்க்கமொன்றின் பெயரே ஹங்கேரியன் யெலோ வக்ஸ்.

ஒரு நாள் இரவு உணவுக்குக் கோர்னேலியா புதிய சிவப்புப் பப்ரிக்காவை வைத்தார். சென்ட்ஜோர்ஜிக்கு அதை உண்ண மனமில்லை. மனைவியிடம் அதைச் சொல்லவும் விருப்பமில்லை. தாம் இதுவரை சோதிக்காத தாவரம் இது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உண்ணாமல் தப்ப நல்ல சாட்டும் கிடைத்தது. பப்ரிக்காவை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குச் சென்றார். நள்ளிரவளவில் விடை தெரிந்தது. ஒரு கிராம் பப்ரிக்காவில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் விற்றமின் சீ இருந்தது. அதாவது 100 கிராமில் 200 மில்லிகிராம். தோடம்பழத்தில் இருப்பது ஏறத்தாழ 50 மில்லிகிராமே. பளிங்காக்கத்தைக் குழப்பும் வெல்லமும் தோடம்பழச் சாற்றிலுள்ள அளவுக்கு இதில் தொல்லை தரவில்லை.

பப்ரிக்கா விளையும் ஊரின் நடுவே இருந்துகொண்டுதான் அதுவரை அவர் தூரதேசத்து மாட்டுச் சுரப்பிகளைத் தேடியலைந்தார்! சில வாரங்களுக்குள் மூன்று இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1.4 கிலோகிராம் தூய பளிங்கு கையிலிருந்தது. அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஏனைய ஆய்வாளர்களுக்கும் அனுப்பினார். 1933இல் ஹேவோர்த் குழுவினர் கட்டமைப்பை நிறுவினர். ஸ்கேவியைத் தடுப்பது எனப் பொருள்படும் அஸ்கோபிக் அமிலம் என்ற பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் செயற்கைத் தயாரிப்பும் சாத்தியமாயிற்று.

பச்சைக்கும் சிவப்புக்கும் என்ன வேறுபாடு?

அன்றிரவு மேசைக்கு வந்தது பழுத்துச் சிவந்த, புதிய பப்ரிக்கா. அது இளம் பச்சைக் காயாக இருந்திருந்தால் விளைவு இவ்வளவு சிறந்திருக்குமா? இன்றைய அறிவைக் கொண்டு பார்ப்போம்.

100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு. பழுத்துச் சிவந்ததில் அது 130 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். தாவரம் இந்த விற்றமினைக் குளுக்கோசிலிருந்து பல படிகளில் தொகுக்கிறது. அப்பாதை 1998இலேயே தெளிவாக முன்வைக்கப்பட்டது. காய் செடியில் நீண்ட காலம் நின்று ஒளித்தொகுப்பின் வெல்லத்தைப் பெறப்பெற விற்றமினும் சேர்கிறது. அத்துடன் பச்சையவுருமணிகள் நிறவுருமணிகளாக மாறுகின்றன. பச்சையம் சிதைய, கப்சந்தின், கப்சோரூபின், பீற்றா கரற்றீன் ஆகிய நிறப்பொருட்கள் பெருகுகின்றன. இவற்றுள் பீற்றா கரற்றீனை நமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றுகிறது. ஆகையால் சிவந்த குடைமிளகாயில் விற்றமின் ஏ பெறுமானம் பச்சையினதைவிடப் பல மடங்கு. சிவப்பைத் தரும் கப்சந்தின் விற்றமின் ஏ ஆக மாறுவதில்லை. சிவப்பு நிறமே விற்றமின் ஏ என்று எழுதி மாணவர் பலர் இங்கே புள்ளி இழக்கின்றனர்.

பச்சையாகப் பறித்த குடைமிளகாயை வீட்டில் வைத்துப் பழுக்கச் செய்யலாமா? வாழைக்காய் போல அது பழுப்பதில்லை. நிறம் மாறத் தொடங்கிய பின் பறித்ததே மேலும் சிவக்கும். ஆகவே சிவந்த காய் வேண்டுமெனில் விவசாயி கூடுதலான வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பூச்சியும் அழுகலும் வரலாம். செடியில் நிற்கும் காய்கள் புதிய காய்பிடிப்பைக் குறைக்கவும் செய்யும். சந்தையில் சிவந்ததன் விலை கூடியிருப்பது இதனால்தான். மிதமிஞ்சிப் பழுத்துத் தளரும் நிலையில் விற்றமின் சீ மீண்டும் குறையத் தொடங்கும்.

வளரும் சூழலும் முக்கியம். நல்ல ஒளியில் விளைந்த காயில் விற்றமின் சீ கூடுதலாகவும், நிழலில் விளைந்ததிற் குறைவாகவும் இருக்கும். நைதரசன் பசளையை அளவுக்கு மீறி இட்டால் இலைகள் அடர்ந்து காயை மறைக்கும்; விற்றமினும் பொதுவாகக் குறையும். மிகையான நீர்ப்பாசனம் காயைப் பருக்கச் செய்தாலும் சத்தை ஐதாக்கும். மாறாக நீர்ப்பற்றாக்குறை உறைப்பைப் பெரும்பாலும் கூட்டும். கடும் வெப்பத்திலும் கடும் குளிரிலும் சிவப்பு நிறம் சரியாக ஏறாது. இவை எல்லாவற்றையும் விட வர்க்கத்துக்கு வர்க்கம் உள்ள வேறுபாடு பெரிது. செகெட்டின் வெயிலும், அங்கு தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வர்க்கங்களும், பறித்தவுடன் கிடைத்த புதிய காயும் சென்ட்ஜோர்ஜிக்கு ஒருங்கே வாய்த்தன.

கூரையில் தொங்கிய அந்தப் பப்ரிக்கா மாலைகளையும் மறக்க வேண்டாம். சிவந்தபின் பறித்துத் தொங்கவிடும்போது நிறப்பொருட்கள் சில வாரங்களுக்கு மேலும் பெருகுகின்றன. ஆனால் உலர உலர விற்றமின் சீ ஒட்சியேறி அழிகிறது. தூளின் கடும் சிவப்பைக் கண்டு அதில் விற்றமின் சீயும் நிறைந்திருக்கும் என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். வெப்பமும், செம்புப் பாத்திரமும், வெட்டி நெடுநேரம் வைத்தலும் அதே இழப்பையே தருகின்றன.

எதிர்த்திசையில் செல்லும் இன்னொரு பொருள்

1936இல் சென்ட்ஜோர்ஜி மற்றொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். நுண்குருதிக் கலன்களின் சுவர் நலிந்து குருதி கசியும் நோயாளருக்குத் தூய அஸ்கோபிக் அமிலம் பயன்தரவில்லை. பப்ரிக்காவிலிருந்தும் எலுமிச்சம்பழத்திலிருந்தும் எடுத்த, அவ்வளவு தூய்மையற்ற சாறு பயன்தந்தது. அதிலிருந்த பிளேவனொயிட்டுகளை விற்றமின் பீ என்ற வகையில் ஆங்கில அரிச்சுவடியின் பதினாறாம் எழுத்தால் அவர் குறித்தார். தயமின் முதலியவற்றைக் குறிக்கும் எழுத்து வேறு, இது வேறு. இப்பொருட்கள் இன்றியமையாதவை என நிறுவப்படாததால் விற்றமின் பட்டியலிலிருந்து பின்னர் நீக்கப்பட்டன.

ஆயினும் பழுத்தல் பற்றிய நமது பாடத்துக்கு இவை வேண்டியவை. மிளகாயினத்தில் பிளேவனொயிட்டுகள் இளம் பச்சைக் காயிலேயே கூடுதலாகவும், பழுக்கும்போது குறைந்தும் காணப்படுகின்றன. ஒரே மனிதர், ஒரே காயில் கண்ட இரு பொருட்களில் ஒன்று பழுக்கப் பழுக்க ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. பழுத்தால் எல்லாச் சத்தும் கூடும் என்று விடை எழுதுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1937ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு சென்ட்ஜோர்ஜிக்கு வழங்கப்பட்டது. விற்றமின் சீக்கு மட்டும் என்று எழுதிவிடாதீர்கள். உயிர்க்கலங்களில் நிகழும் ஒட்சியேற்றம் பற்றிய ஆய்வுகளுக்காக, குறிப்பாக விற்றமின் சீ, பியுமாரிக் அமிலம் ஆகியவை தொடர்பாக அது வழங்கப்பட்டது. இரசாயனவியற் பரிசில் ஹேவோர்த்துக்கும் அவ்வாண்டிலேயே பங்கு கிடைத்தது. கிங்கின் பெயர் விடுபட்டதை அமெரிக்காவில் பலர் ஏற்கவில்லை.

சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கிய 1939-40 குளிர்காலப் போரின்போது, சென்ட்ஜோர்ஜி தமது நோபல் பதக்கத்தைப் பின்லாந்து மக்களின் நிவாரணத்துக்கு நன்கொடையாக அளித்தார். அது பின்னர் ஹங்கேரியத் தேசிய நூதனசாலையைச் சென்றடைந்தது. இரண்டாம் உலகப் போரில் தமது நாடு ஜேர்மனியுடன் நின்றதை அவர் எதிர்த்தார். 1943இல் விரிவுரை நிகழ்த்துவதாகக் கூறி இஸ்தான்புல் சென்று நேச நாடுகளின் பிரதிநிதிகளை இரகசியமாகச் சந்தித்தார். செய்தி கசிந்தது. அவரைப் பிடிக்குமாறு கட்டளை பிறந்தது. போரின் இறுதிக் காலத்தைத் தலைமறைவாகவே கழித்தார். சுவீடன் தூதரகம் அவருக்குத் துணைநின்றது. அந்த நெருக்கடியான ஆண்டுகளிலேயே அவரது செகெட் ஆய்வுகூடம் தசைச் சுருக்கத்துக்குரிய அக்ரின், மயோசின் புரதங்கள் பற்றிய முக்கியமான ஆய்வுகளையும் செய்து முடித்தது. உயர்தர மாணவர்கள் இப்பெயர்களைத் தசை பற்றிய அலகில் மீண்டும் சந்திப்பீர்கள்.

போருக்குப் பின் சோவியத் ஆதிக்கத்தின் கீழ் வந்த ஹங்கேரியில் அவரால் நெடுநாள் இருக்க முடியவில்லை. 1947இல் அமெரிக்கா சென்று, மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வூட்ஸ் ஹோல் கடற்கரையிலுள்ள கடல் உயிரியல் ஆய்வுகூடத்தில் தசையையும், பின்னர் புற்றுநோயையும் ஆராய்ந்தார். 1986 ஒக்டோபர் 22இல், 93ஆவது வயதில், அங்கேயே காலமானார். செகெட் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.